மணமுன் ஒப்பந்தம்: கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னவெல்லாம் பேச வேண்டும்?

கோடைமேகம்

வணக்கம். ஐந்து வாரத்தில் எனக்குத் திருமணம். எனக்கு வயது 33, அவருக்கு 36. மூன்று ஆண்டுப் பழக்கம். சென்ற வெள்ளிக்கிழமை இரவு அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "வக்கீல் அனுப்பியிருக்கிறார். படித்துப் பார், அவசரமில்லை" என்று ஒரு வரி. இணைப்பில் 14 பக்கத்தில் ஒரு மணமுன் ஒப்பந்தம், அதாவது பிரிய நேர்ந்தால் யாருக்கு எது என்று திருமணத்துக்கு முன்பே எழுதிக்கொள்வது. அவரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு நிறுவனம் நடத்துகிறார்கள். கூட்டாளிகள்தான் இந்த ஒப்பந்தத்தை வற்புறுத்துகிறார்கள் என்கிறார்.

எனக்குக் கோபம் இல்லை. (பொய். முதல் நாள் இருந்தது.) ஒப்பந்தம் போடுவதில் எதிர்ப்பும் இல்லை. நானும் பத்து ஆண்டு வேலை பார்த்து, கையில் கொஞ்சம் சேர்த்து வைத்திருப்பவள்தான். ஆனால் 14 பக்கத்தையும் படித்து முடித்தபோது ஒன்று உறைத்தது. இதில் இருக்கிற எதைப் பற்றியும் நாங்கள் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. அவருடைய வருமானம் எனக்குக் குத்துமதிப்பாகத்தான் தெரியும். என் கல்விக் கடன் இன்னும் தீரவில்லை என்பதை அவரிடம் சொல்லியிருக்கிறேனா என்று யோசித்தால் நினைவில்லை.

9ஆம் பக்கத்தில் ஒரு வரி: "திருமணத்துக்குப் பின் ஈட்டப்படும் எந்தச் சொத்தும் எவர் பெயரில் உள்ளதோ அவருக்கே முழு உரிமையானது." முதலில் படித்தபோது நியாயமாகத்தான் பட்டது. இரண்டாவது முறை படித்தபோது வயிற்றை என்னவோ செய்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

வக்கீலிடம் போவதற்கு முன் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து எதையெல்லாம் பேச வேண்டும்? பட்டவர்கள் சொல்லுங்கள்.

எதிர்க்காற்று

வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதே இடிக்கிறவனுக்கு முன்பணம் கொடுக்கிற வேலை இது. நம்பிக்கை இருந்தால் ஒப்பந்தம் எதற்கு? நம்பிக்கை இல்லையென்றால் திருமணம் எதற்கு? என்னைக் கேட்டால் அந்த 14 பக்கத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வக்காலத்து

எதிர்க்காற்று சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். திருப்பி அனுப்பத்தான் வேண்டும். காரணம் மட்டும் வேறு.

சகோதரி, குடும்ப வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞனாகச் சொல்கிறேன். அந்த வரைவில் இப்போதைக்கு ஒரு காற்புள்ளியைக்கூடத் திருத்தாதீர்கள். அது அவருடைய வக்கீல் அவருக்காக எழுதியது. அப்படி எழுதுவதுதான் அந்த வக்கீலின் கடமை, அதில் வஞ்சகம் ஏதும் இல்லை. ஆனால் அதை வைத்துப் பேச ஆரம்பித்தால் உங்கள் உரையாடல் முழுக்க அவர் போட்ட கோட்டுக்குள்ளேயே ஓடும். நீங்கள் "இந்த வரியை மாற்று, அந்த வரியை எடு" என்று கெஞ்சுகிற இடத்தில் நிற்பீர்கள். முதலில் பேச்சு. அதன் பிறகு ஆளுக்கொரு வக்கீல். கடைசியில்தான் வரைவு. ஒரே வக்கீல் இருவருக்கும் போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது நேரம். ஐந்து வாரம் போதாது என்றுதான் சொல்வேன். இரண்டு வழக்குகளைப் பாருங்கள். பேஸ்பால் வீரர் பேரி பாண்ட்ஸ் 1988இல் திருமணம் செய்துகொண்டார். மணமகள் ஸ்வீடனிலிருந்து வந்தவர், தனக்கென்று வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. திருமணத்துக்கு முதல் நாள் கையெழுத்துப் போட்டார். 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லும் என்றது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு சட்டமே திருத்தப்பட்டது. ஒப்பந்தம் கைக்கு வந்த நாளுக்கும் கையெழுத்துக்கும் இடையே குறைந்தது 7 நாள் இருக்க வேண்டும் என்பது இப்போது அங்கே விதி.

அடுத்தது ஆஸ்திரேலியா. தோர்ன் எதிர் கென்னடி, 2017. மணமகள் வேறு நாட்டிலிருந்து வந்து மணமகனோடு தங்கியிருந்தவர். திருமணத்துக்குச் சில நாள் முன்பு, கையெழுத்துப் போடாவிட்டால் திருமணம் இல்லை என்ற நிலை. அவருடைய சொந்த வக்கீலே "கையெழுத்துப் போடாதீர்கள்" என்று சொன்னார். இருந்தும் போட்டார். பல ஆண்டு கழித்து அந்நாட்டின் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவருக்குப் போட மறுக்கிற வழியே இல்லாமல் போயிருந்தது என்பதுதான் காரணம். ஆக, வக்கீல் பக்கத்தில் இருந்தார் என்பது மட்டும் ஒப்பந்தத்தைக் காப்பாற்றாது. இதை உங்கள் வருங்காலக் கணவரிடமும் சொல்லுங்கள். அவசரத்தில் வாங்கிய கையெழுத்தால் நட்டப்படப்போவது அவர்தான்.

பழையபேரேடு

நாற்பது ஆண்டு ஊரார் கணக்கைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன். எனக்குச் சட்டம் தெரியாது, தாள் தெரியும்.

அம்மா கோடைமேகம், ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மேசையில் உட்கார்ந்து எழுத வேண்டாம், தனித்தனி அறைக்குப் போங்கள். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் உங்களிடம் உள்ளது. வலப்பக்கம் நீங்கள் கொடுக்க வேண்டியது. முதலில் வலப்பக்கத்தை நிரப்புங்கள். இடப்பக்கத்தை முதலில் எழுதினால் மனம் மிதப்பில் இருக்கும், வலப்பக்கத்தில் கை சுருங்கிவிடும். கணக்கே தெரிந்த பெரிய மனிதர்களிடமே இதைப் பார்த்திருக்கிறேன்.

வலப்பக்கத்தில் மக்கள் எழுத மறப்பவை எப்போதும் ஒன்றேதான். கடன் அட்டையில் மாதாமாதம் குறைந்தபட்சம் மட்டும் கட்டிவரும் பாக்கி. கட்டாத வரி. நண்பரிடம் வாங்கிய கைமாற்று. எல்லாவற்றுக்கும் மேலாக ஜாமீன் கையெழுத்து. அதை ஒருவரும் கடனாக நினைப்பதில்லை. வாங்கியவர் தவணை தவறும் நாளில்தான் அது கடனாகும். ஆனால் அந்த நாளில் வந்து நிற்பது உங்கள் வாசலில்.

இடப்பக்கத்திலும் சில ஒளிந்துகொள்ளும். ஓய்வூதிய நிதி, காப்பீடு, உடன்பிறந்தாரோடு கூட்டாக உள்ள நிலம், நிறுவனத்தில் எப்போதோ கொடுத்த பங்கு, மின்னணு நாணயம். பெற்றோர் வழியில் வரும் என்று நினைப்பதைப் பென்சிலால் எழுதுங்கள். அவர்கள் இருக்கும்வரை அது உங்கள் சொத்து இல்லை.

தாளை மாற்றிக்கொண்ட பிறகு பத்து நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. இந்த விதி என் சொந்தக் கண்டுபிடிப்பு. கடுமையாகக் கடைப்பிடிக்கவும்.

வக்காலத்து

பேரேடு ஐயா சொன்னதோடு சட்டத்தையும் ஒட்டவைத்துவிடுகிறேன். பல நாடுகளில் நீதிபதி இந்த ஒப்பந்தத்தைப் பார்க்கும்போது கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் காட்டினார்களா என்பது. மறைத்த ஒரு கணக்கு பின்னால் வெளிப்பட்டால் 14 பக்கமும் ஆட்டம் காணும். அந்த இரண்டு தாள்தான் பின்னால் ஒப்பந்தத்தின் இணைப்பாக மாறும். தேதி போட்டு வையுங்கள்.

கைநாட்டு

9ஆம் பக்கத்து வரி உங்களை ஏன் உறுத்தியது என்று எனக்குத் தெரியும். அதே வரியில் ஆறு ஆண்டு வாழ்ந்தவன் நான். இன்னும் திருமண வாழ்க்கையில்தான் இருக்கிறேன், அதனால் கதையைப் பயப்படாமல் படிக்கலாம்.

திருமணத்துக்கு முன்பே கடனில் ஒரு வீடு வாங்கியிருந்தேன். 30 சதவீதம் கட்டியிருந்தேன், 70 சதவீதம் கடன். "அவரவர் பெயரில் உள்ளது அவரவருக்கு" என்று ஒப்பந்தம். இருவரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டோம். பிறகு இயல்பாகவே ஒரு வேலைப் பிரிவினை ஏற்பட்டது. தவணை என் கணக்கிலிருந்து போகும். மளிகை, மின்கட்டணம், குழந்தையின் பள்ளிக் கட்டணம், பயணம், மருந்து எல்லாம் அவள் கணக்கிலிருந்து. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் இருவர் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

ஆறாவது ஆண்டில் கூடத்துக்கு வண்ணம் அடிக்க நினைத்தோம். வண்ண அட்டையை அவளிடம் நீட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "உங்கள் வீடு, நீங்களே தேர்ந்தெடுங்கள்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வங்கியில் படிவம் நிரப்புகிற குரலில் சொன்னாள். எனக்கு அட்டையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் செலவழித்தது சுவராக நின்றுகொண்டிருந்தது. அவள் செலவழித்தது சாப்பிட்டு, உடுத்தி, படித்துத் தீர்ந்துபோயிருந்தது. ஒப்பந்தப்படி அவள் கையில் ஆறு ஆண்டுக்கு மிச்சம் என்று எதுவும் இல்லை. அந்த வரியில் பொய் ஒன்றும் இல்லை. பெயரை மட்டும்தான் அது பார்க்கிறது, அவ்வளவுதான்.

பிறகு வக்கீல்களை வைத்து மாற்றி எழுதினோம். நான் முன்பே கட்டிய 30 சதவீதமும் அதன் மதிப்புயர்வும் எனக்கு. திருமணத்துக்குப் பின் அடைக்கப்படும் கடனுக்கு நிகரான பங்கு, யார் கணக்கிலிருந்து கட்டினாலும், பாதிப் பாதி. கணக்காகச் சொன்னால்: வாங்கியபோது மதிப்பு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அதில் 40 பங்குக் கடன் திருமணத்துக்குப் பின் அடைந்திருந்தது. வீட்டின் மதிப்பு 180 ஆகியிருந்தது. 180இல் 40 சதவீதம் 72. அதில் பாதி 36 அவளுடையது. எழுதிக் கையெழுத்தான மறுநாள் அவளே போய் வண்ணம் வாங்கி வந்தாள். எனக்குப் பிடிக்காத பச்சை. வாயைத் திறக்கவில்லை.

ஆகவே கேளுங்கள்: யார் எதற்குக் கட்டப்போகிறோம்? யார் கட்டுவது மிஞ்சும், யார் கட்டுவது கரையும்?

கோடைமேகம்

கைநாட்டு அண்ணா, வயிற்றை என்ன செய்தது என்பது இப்போது புரிகிறது. நாங்கள் குடியேறப்போகும் வீடும் அவர் பெயரில்தான் கடனில் இருக்கிறது. "உன் சம்பளத்தில் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள், தவணையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சென்ற மாதம் பெருந்தன்மையாகச் சொன்னார். நானும் மகிழ்ந்துபோனேன்.

இரண்டாம்பாகம்

அவர் மனதறிந்து சொல்லியிருக்க மாட்டார், பெரும்பாலும் யாரும் அப்படிச் செய்வதில்லை. என் முதல் கணவரும் நல்லவர்தான். இதை எழுதவே எனக்குப் பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று.

தங்கை, எனக்கு இது இரண்டாவது திருமணம். முதல் திருமணத்தில் ஒரு மகள். முதல் தடவை எந்த ஒப்பந்தமும் இல்லை, எந்தப் பேச்சும் இல்லை. மகள் பிறந்தபோது வேலையை விட்டேன். "இரண்டு வருடம்தானே" என்று இருவரும் சொன்னோம். அவளுக்கு மூச்சுத் தொந்தரவு, இரண்டு ஏழானது. திரும்ப வேலைக்குப் போனபோது எனக்குக் கீழே பயிற்சி பெற்றவரிடம் நேர்காணலுக்கு உட்கார்ந்தேன். சம்பளம் போனதைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். ஏழு ஆண்டு ஓய்வூதிய நிதியில் என் பெயரில் ஒன்றும் சேரவில்லை என்பது பிரிவுக்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. அவர் நிதி மட்டும் ஏறிக்கொண்டே போயிருந்தது, நான் வீட்டில் இருந்ததால்தான் அவரால் அந்தப் பதவி உயர்வுகளை எடுக்க முடிந்தது.

அதனால் குழந்தை வேண்டுமா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். யார் வேலையை விடுவது? விடுகிறவர் பெயரில் மற்றவர் மாதம் எவ்வளவு ஓய்வூதியத்துக்குக் கட்டுவார்? குழந்தை வேண்டாம், அல்லது பிறக்கவில்லை என்றால்? ஒருவர் நோயில் விழுந்தால் ஒப்பந்தம் அப்படியே நிற்குமா? இரண்டாவது திருமணத்தில் இதையெல்லாம் எழுதினோம். முதல் மகளுக்கு என் பங்கு போய்ச் சேர வேண்டும் என்பதையும் எழுதினோம். அதற்கு ஒப்பந்தம் மட்டும் போதாது, உயிலும் வேண்டும் என்று வக்கீல் சொன்னார். சில நாடுகளில் மறுமணம் செய்தாலே பழைய உயில் செல்லாமல் போய்விடுமாம். திருமண வேலைகளுக்கு நடுவே போய் உயில் எழுதினேன். எழுதிக்கொடுத்த குமாஸ்தா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

வக்காலத்து

ஒரு சிறு திருத்தம். பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும், அவர்களின் பராமரிப்புக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்த முடியாது. பிறக்காத குழந்தையின் நலனை இன்றைக்கே இரண்டு பேர் பேரம் பேசி முடிக்கலாகாது என்பதே பெரும்பாலான நாடுகளின் நிலை. அதனால் அதைப் பேசுங்கள், ஆனால் தாளில் எழுதிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பிரிந்தபின் துணைவருக்குக் கொடுக்கும் பராமரிப்பும் அப்படித்தான். "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று எழுதிக்கொடுத்தாலும், நாளை ஒருவர் நடுத்தெருவில் நிற்கும் நிலை என்றால் பல நீதிமன்றங்கள் அந்த வரியைப் பொருட்படுத்துவதில்லை.

புதுவிருந்தாளி

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். யார் பாத்திரம் கழுவுவது, துரோகம் செய்தால் இவ்வளவு அபராதம் என்றெல்லாம் எழுதலாமா? எங்கள் இருவருக்குள் இப்போதே பாத்திரச் சண்டை.

வக்காலத்து

அபராதம்: கலிபோர்னியாவில் ஒரு தம்பதி துரோகத்துக்கு அபராதம் என்று எழுதிவைத்திருந்தார்கள். 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை அமலாக்க மறுத்தது. மணவிலக்கில் யார் குற்றவாளி என்று கேட்காத சட்டம் அங்கே இருப்பதால், குற்றத்துக்கு விலை போடும் ஒப்பந்தம் அதற்கு முரண் என்றது.

பாத்திரம்: ஒரு இயந்திரம் வாங்குங்கள்.

எதிர்க்காற்று

எல்லாரும் அழகாகப் பேசுகிறீர்கள். ஆனால் நீங்கள் சொல்லும் நல்லதெல்லாம் பேச்சில் இருக்கிறதே தவிர ஒப்பந்தத்தில் இல்லையே. கைநாட்டின் மனைவிக்கு மனம் ஆறியது பேசியதால்தான். இரண்டாம்பாகம் அம்மாவுக்கு முதல் தடவை குறையாக இருந்ததும் பேச்சுத்தான். நன்றாகப் பேசிவிட்டு ஒப்பந்தமே இல்லாமல் இருந்தால் என்ன?

வக்காலத்து

நல்ல கேள்வி, இந்த முறை கிண்டல் இல்லை. இரண்டு காரணம்.

ஒன்று, ஒப்பந்தம் இல்லாத திருமணம் என்று ஒன்று கிடையாது. நீங்கள் எழுதாவிட்டால் சட்டம் எழுதிவைத்திருப்பது உங்களுக்குப் பொருந்தும். பிரான்சில் ஒன்றும் எழுதாமல் மணந்தால், திருமணக் காலத்தில் ஈட்டியது பொதுச் சொத்து. ஜெர்மனியில் அவரவர் சொத்து அவரவருக்கே, ஆனால் பிரியும்போது யாருடைய சொத்து அதிகம் வளர்ந்ததோ அவர் வளர்ச்சியின் வித்தியாசத்தில் பாதியை மற்றவருக்குக் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் எல்லாம் நீதிபதியின் விருப்புரிமை. இந்தியாவில் மணமுன் ஒப்பந்தத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பொதுக் கொள்கைக்கு எதிரானது செல்லாது என்கிறது, அதில்தான் இவை பெரும்பாலும் இடறுகின்றன. போர்த்துகீசியக் குடிமைச் சட்டம் தொடர்வதால் கோவா விதிவிலக்கு. ஆகவே சகோதரி, உங்களுடைய முதல் கேள்விகளில் ஒன்று இதுவாக இருக்கட்டும்: நாம் எங்கே வாழப்போகிறோம், நாளை எங்கே இடம் பெயர்வோம்?

1998இல் ஒரு ஜெர்மானியப் பெண்ணும் பிரெஞ்சு ஆணும் ஜெர்மனியில் ஒப்பந்தம் போட்டு லண்டனில் மணந்தார்கள். அங்கேயே பிரிந்தார்கள். பணம் பெண் பக்கம். ராட்மாகர் வழக்கு என்பார்கள். இங்கிலாந்தில் அதுவரை இத்தகைய ஒப்பந்தங்களுக்கு உறுதியான மதிப்பு இருக்கவில்லை. 2010இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இருவரும் சொந்த விருப்பத்தில், விளைவுகளை முழுதாக உணர்ந்து போட்டதாக இருந்து, அதைக் கடைப்பிடிப்பது அநியாயமாக இல்லாவிட்டால், அதற்கு மதிப்பளிக்க வேண்டும் என்றது. "விளைவுகளை முழுதாக உணர்ந்து" என்ற அந்தச் சொற்களில்தான் நீங்கள் கேட்கும் பேச்சு அடங்கியிருக்கிறது.

இரண்டாவது காரணம், நினைவு. பத்து ஆண்டு கழித்து இருவருக்கும் ஒரே பேச்சு இரண்டு விதமாக நினைவிருக்கும். இருவருமே பொய் சொல்ல மாட்டார்கள்.

எதிர்க்காற்று

இரண்டாவதை ஏற்கிறேன். முதலாவது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. சட்டம் எழுதிவைத்தது இருவருக்கும் பொது. அந்த 14 பக்கம் ஒருவர் எழுதியது.

நள்ளிரவுவாசகன்

இந்த இழையில் ஒப்பந்தம் கேட்ட பக்கத்து ஆள் யாரும் இல்லை, அதனால் எழுதுகிறேன். நானும் கூட்டாளிகளோடு தொழில் செய்பவன். நானும் மின்னஞ்சலில்தான் அனுப்பினேன். முகத்தைப் பார்த்துக் கேட்க வெட்கம். "கூட்டாளிகள் கேட்கிறார்கள்" என்றும் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. என் பெற்றோர் பிரிந்தபோது என் அப்பாவின் பட்டறை விற்கப்பட்டது. எனக்கு அப்போது வயது 11. இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போன லாரியை நான் பார்த்தேன். ஒப்பந்தத்தைக் கேட்டது கூட்டாளிகள் இல்லை, அந்தப் பையன். இதை அவளிடம் சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. சொன்ன பிறகு மீதி எல்லாம் இரண்டு மாலையில் முடிந்தது.

தொழிலைப் பற்றி இரண்டு கேளுங்கள். நிறுவனத்தின் இன்றைய மதிப்பு என்ன, அதை யார் மதிப்பிட்டது? அது தெரியாமல் "வளர்ச்சி யாருக்கு" என்று பேச முடியாது. இன்னொன்று, நீங்கள் அந்த நிறுவனத்துக்குச் சம்பளமில்லாமல் எப்போதாவது வேலை செய்வீர்களா? என் மனைவி முதலாண்டு முழுக்க என் கடிதப் போக்குவரத்தையும் கணக்கையும் பார்த்தாள். அதை உதவி என்று அழைத்துக்கொண்டிருந்தோம்.

அவர் ஏன் கேட்கிறார் என்று ஒருமுறை நேரே கேளுங்கள். முதல் பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

*(ஆறு நாள் கழித்து)*

கோடைமேகம்

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம்.

பேரேடு ஐயா சொன்னபடி தனித்தனி அறை. அவர் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார், எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அவர் கதவுக்கு வெளியே நடந்துகொண்டே இருந்தது கேட்டது. பிறகு தாளை மாற்றிக்கொண்டோம். பத்து நிமிட மௌனம் என்ற விதியைக் கேட்டுச் சிரித்தவர், இரண்டாவது நிமிடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அவர் தாளில் வலப்பக்கம் அடியில், மற்ற எழுத்தைவிடச் சின்னதாக, "தம்பி கடை, ஜாமீன்" என்று இருந்தது. எதிரே தொகை இல்லை. என் தாளில் கல்விக் கடனுக்குக் கீழே "அப்பாவுக்கு மாதம், சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு" என்று இருந்தது. அப்பாவுக்கு ஓய்வூதியம் வருகிறது என்று அவர் நினைத்திருந்தாராம். அப்படி நினைக்க நான்தான் விட்டிருந்தேன்.

"எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டார். "அவர் இருக்கும்வரை" என்றேன். பிறகு நான், "ஜாமீன் எவ்வளவு?" என்று கேட்டேன். தெரியாது என்றார். நான்கு வருடத்துக்கு முன் தம்பி காகிதத்தை நீட்டினானாம், இவர் பேனாவை எடுத்தாராம்.

9ஆம் பக்கத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் 6ஆம் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். நிறுவனத்தைப் பற்றிய பகுதி அதோடு முடிகிறது." எனக்கு வந்த ஆத்திரத்தில் சிரிப்பும் வந்தது. கைநாட்டு அண்ணாவின் வண்ண அட்டைக் கதையைச் சொன்னேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு காகிதத்தில் 100, 180, 72, 36 என்று அவரே எழுதிப் பார்த்தார்.

அடி மனதில் ஏன் கேட்டார் என்பதை இன்னும் சொல்லவில்லை. இரண்டாவது பதிலும் "கூட்டாளிகள்" தான். காத்திருக்கிறேன்.

பழையபேரேடு

ஜாமீன் பத்திரத்தின் நகலை வங்கியில் எழுத்துமூலம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தொகைக்கு வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். தம்பி பின்னால் வாங்கும் புதுக் கடனுக்கும் இதே கையெழுத்து நீளுகிறதா என்று பாருங்கள். இன்றைய பாக்கி எவ்வளவு என்றும் கேளுங்கள். விலகிக்கொள்ள வழி உண்டா என்பது கடைசிக் கேள்வி, அதற்குப் பெரும்பாலும் மாற்று ஜாமீன் கேட்பார்கள். இது தெரியும்வரை எந்த வக்கீலையும் பார்க்க வேண்டாம்.

நீங்கள் அப்பாவுக்கு அனுப்புவதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. எழுதாமல் விட்டால் நாளை அது "உன் வீட்டுக்குப் போன பணம்" ஆகிவிடும்.

இரண்டாம்பாகம்

அவர் வெளியே நடந்துகொண்டிருந்தார் என்பதைப் படித்து எனக்குக் கொஞ்சம் நிம்மதி. தங்கை, இன்னும் ஒன்று. இந்த ஒப்பந்தம் எந்த நாளில் மறுபடி திறக்கப்படும் என்று எழுதுங்கள். குழந்தை பிறந்தால், ஒருவர் வேலை போனால், வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தால், அல்லது ஏதும் நடக்காவிட்டாலும் ஐந்தாவது ஆண்டில். எங்களுடையதை இரண்டு தடவை திறந்திருக்கிறோம். ஒரு தடவை ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

வக்காலத்து

தேதி நெருங்குகிறது. திருமணத்துக்குப் பின் போடலாம் என்று யாராவது சமாதானம் சொன்னால், உங்கள் நாட்டில் அதற்கு வேறு விதிகள் இருக்கின்றனவா என்று உங்கள் வக்கீலிடம் கேட்ட பிறகே தலையாட்டுங்கள்.

*(பன்னிரண்டு நாள் கழித்து)*

கோடைமேகம்

திருமணத்தை இரண்டு மாதம் தள்ளிவைத்திருக்கிறோம். அவர்தான் முதலில் சொன்னார். இரு வீட்டிலும் ஆளுக்கொரு காரணம் கற்பித்துக்கொள்கிறார்கள், விட்டுவிட்டோம். எனக்கென்று ஒரு வக்கீலைப் பார்த்து வந்தேன். பழைய வரைவைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், இரண்டு தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

லாரி, பட்டறை மாதிரி கதை எதுவும் அவரிடம் இல்லை. கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: "எல்லாரும் போடச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை." தம்பி காகிதத்தை நீட்டியபோதும் இதேதான் நடந்திருக்கிறது. இதை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, ஆனால் தெரிந்துகொண்டேன்.

நேற்று வங்கியிலிருந்து பதில் வந்தது. ஜாமீனுக்கு வரம்பு இல்லை. தம்பி அதன் மேல் இன்னும் இரண்டு முறை கடன் வாங்கியிருக்கிறார். நாளை மாலை தம்பியை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறோம். மேசையில் மூன்றாவதாக ஒரு வெள்ளைத் தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.